கனவுக்குச் சொந்த ஊர் எது?

பசுமலையில் இருக்கிறேன் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மலை பச்சையா இருக்குமா?" என்பதுதான். மரங்கள் இருக்கின்றன. மழை பெய்தால் பச்சையாகவும் இருக்கும். ஆனால் எங்கள் ஊர்க் கதைப்படி அது நிறம் இல்லை, மாடு.

திருவிளையாடல் புராணத்தில் வருகிற கதை இது. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து முதலில் ஒரு யானையை அனுப்புகிறார்கள். அது யானைமலை ஆகிறது. அப்புறம் ஒரு பாம்பு. அது நாகமலை. கடைசியாக ஒரு மாயப்பசு. அதை அடக்க சிவபெருமான் நந்தியை அனுப்புகிறார். நந்தியின் அழகைப் பார்த்து மயங்கி, பலம் எல்லாம் போய், விழுந்து மலையாகிவிடுகிறது அந்தப் பசு. அதுதான் எங்கள் பசுமலை. திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் போகிற பஸ்கள் எல்லாம் இந்த மாட்டின் காலடியில்தான் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன :-)

யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் பிரம்மாண்டமான மூன்று மிருகங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இதை ஹாலிவுட்டில் எடுத்தால் மூன்று பாகம் எடுப்பார்கள். நாமோ அதன் மேல் டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

இந்தப் பதிவு மலையைப் பற்றி இல்லை, ஓவியத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கனவிலும் மாய உலகத்திலும் பார்த்ததைக் கம்ப்யூட்டரில் வரைகிறவர்களைப் பற்றி. டிஜிட்டல் ஓவியர்கள் என்கிறார்களே, அவர்கள்தான். அடியேனும் அந்த வரிசையின் கடைசியில், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பதால் எழுதத் துணிந்தேன்.

என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும், நான் வணிகவியல் படிக்கிறேன். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கப் படமாக இருக்கும். இரண்டு வருடம் முன்பு தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு பழைய பேனா டேப்லெட் வாங்கினேன். கருப்புப் பலகை மாதிரி இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பேனாவால் கோடு போட்டால் மானிட்டரில் கோடு விழும். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும். முதல் வாரம் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று தலை சுற்றும். பழகிவிட்டால் விட முடியாது. மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் வசதி இல்லாததால் கிரிட்டா. அது இலவசம், நன்றாகவும் இருக்கிறது.

போன வருடம் ஒரு கனவு வந்தது. பசுமலை எழுந்து நிற்கிறது. முதுகில் இருக்கிற மரங்கள், கட்டடங்கள், செல்போன் டவர் எல்லாம் அப்படியே இருக்க, முன்னங்காலை ஊன்றி, மாடு எழுந்திருக்குமே, அது மாதிரி எழுந்திருக்கிறது. (மாடு பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும் என்று பின்னாடி தெரிந்தது. கனவுக்கு அதெல்லாம் தெரியாது.) ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மெதுவாக நடக்கிறது. யாரும் ஓடவில்லை. டீக்கடையில் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான் கனவு. எழுந்ததும் மறக்கும் முன் எழுதி வைத்தேன், அப்புறம் வரைய உட்கார்ந்தேன்.

வரைந்து முடித்து அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தது.

"என்னத்தடா வரைஞ்சு வச்சிருக்க? மாடு ஏன் இம்புட்டு ஆங்காரமா இருக்கு?"

"அப்பத்தா, அது ஊரை அழிக்க வந்த மாடு. அப்படித்தான் இருக்கும்."

"அது பாவம்டா. அனுப்புனாக, வந்துச்சு. அதுக்கு என்ன தெரியும்?"

இந்த ஒரு வரியில் என் படத்தின் மூஞ்சியே மாறிவிட்டது. என் கனவில் அந்த மாடு கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவந்த கண்ணை அழித்து, தூங்கி எழுந்த கண்ணாக மாற்றினேன். கதையில் வில்லனாக வருகிற சமணர்கள் பக்கமும் மனசு போனது. கீழக்குயில்குடி சமணர் மலையில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிலைகளைப் பார்த்தவர்கள், 'இவர்களா மாட்டை ஏவி விட்டார்கள்?' என்று கேட்காமல் இருக்க முடியாது. புராணம் ஒரு தரப்பு சொன்ன கதை. படம் வரைகிறவன் அந்தத் தரப்பிலேயே நின்றுதான் வரைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, இதில் பெரிய ஆளைப் பற்றிச் சொல்லாமல் என் பெருமையையே பேசிக்கொண்டிருந்தால் அடிக்க வருவீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

டிராட்ஸ்கி மருது. பேரைக் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறதல்லவா? பாதி ரஷ்யா, பாதி சிவகங்கைச் சீமை! 1953-ல் மதுரையில் பிறந்தவர். அப்பா டிராட்ஸ்கியின் அரசியலில் ஈடுபாடு கொண்டவர் என்பதால் அந்தப் பெயர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தார். 1850-ல் ஆரம்பித்த பழைய கல்லூரி அது. தமிழ்ப் பத்திரிகைகளில் கதை, கவிதை படித்தவர்கள் எல்லோரும் அவர் கோட்டைப் பார்த்திருப்பார்கள், பேர் தெரியாமலேயே. குதிரை பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், ஈட்டி வைத்த ஒருவன் பாதி திரும்பியிருப்பான், கோடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரை ஓவியத்துக்கும் அனிமேஷனுக்கும் முன்கூட்டியே கையில் எடுத்த ஓவியர்களில் அவர் ஒருவர். இப்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தை யோசியுங்கள். போட்டோஷாப்பின் முதல் பதிப்பே 1990-ல்தான் வந்தது. 'கம்ப்யூட்டரில் வரைவது ஓவியமா?' என்று ஓவியர்களே முகம் சுளித்த காலம். அந்தக் காலத்தில் தூரிகையையும் விடாமல், கம்ப்யூட்டரையும் ஒதுக்காமல் இரண்டையும் ஒரே கையால் பிடித்தவர். சினிமாவுக்கும் போனார். நாசர் இயக்கி 1997-ல் வந்த 'தேவதை' படத்தில் பழங்காலத் தமிழ் உலகத்தைக் கற்பனை செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

எனக்கு அவரிடம் பிடித்தது அவர் வரைந்த தமிழ் மன்னர்கள். 'வாளோர் ஆடும் அமலை' என்று புத்தகமாக வந்திருக்கிறது. நமக்கு ராஜா என்றால் என்ன ஞாபகம் வரும்? சினிமா ராஜா. ஜிகினா வைத்த அங்கி, ரோஸ் பவுடர் போட்ட முகம், காலண்டரில் வருகிற கிரீடம். மருதுவின் மன்னர்கள் கருப்பாக, மெலிந்து முறுக்கேறிய உடம்போடு, வெயிலில் நடந்த ஆட்களாக இருக்கிறார்கள். நம்ம ஊர்த் திருவிழாவில் வேல்கம்பு ஏந்தி வருகிற ஆள் மாதிரி இருக்கிறார்கள். சங்ககால மன்னனை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அதனால் அவனை வரைவதும் ஒருவகையில் மாய உலகத்தை வரைவதுதான். பார்க்காததை வரைய வேண்டும். அதற்குக் கையில் இருக்கிற சரக்கு என்ன? கண்ணால் பார்த்த உடம்புகள், பார்த்த வெயில், பார்த்த குதிரை. வேறு எதுவும் இல்லை.

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த விஷயம். கற்பனை வானத்திலிருந்து விழுவதில்லை. கனவுக்கும் சொந்த ஊர் உண்டு.

"கனவில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாமே, அதற்கு என்ன ஊர்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் அறிவியல் பக்கம் எட்டிப் பார்ப்போம். மருது பிறந்த அதே 1953-ல்தான் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தில் கண்மணிகள் வேகமாக ஓடுகிற ஒரு கட்டம் இருக்கிறது என்று எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளையில் காட்சிகளைக் கவனிக்கும் பகுதிகளும் உணர்ச்சிப் பகுதிகளும் சுறுசுறுப்பாக இருக்கின்றன. 'இது நடக்குமா?' என்று கேள்வி கேட்கிற முன்பகுதி மட்டும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் மலை நடந்தாலும் டீக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைப்பதில்லை. ஆனால் கவனியுங்கள், நடந்தது எந்த மலை? நான் தினமும் பார்க்கிற மலை. ஆல்ப்ஸ் மலை என் கனவில் ஒரு நாளும் நடந்ததில்லை. மூளை தன் பரணில் இருக்கிற பழைய சாமான்களைத்தான் கலைத்துப் போட்டு விளையாடுகிறது.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் சால்வடார் டாலி. கனவு ஓவியம் என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற ஆள். 1948-ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு தந்திரம் சொல்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு கனமான சாவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தூக்கம் வந்து பிடி தளர்ந்ததும் சாவி தட்டில் விழுந்து 'டங்' என்று எழுப்பிவிடும். அந்த அரைத் தூக்கத்தில் வந்ததைப் பிடித்துக்கொள்ளலாம். சும்மா பீலா என்றுதான் நினைத்தேன். ஆனால் 2021-ல் பாரிஸில் ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரி கையில் பொருளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கத்தின் அந்த முதல் படியில் குறைந்தது 15 வினாடி இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் ஒரு கணக்கில் ஒளிந்திருந்த குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர்தான். (வகுப்பில் கடைசி பெஞ்சில் நாங்கள் செய்வதும் இந்த ஆராய்ச்சியைத்தான் என்று பேராசிரியர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.)

டாலியின் படங்களில் வருகிற அந்த வெட்டவெளி, கடற்கரைப் பாறைகள் எல்லாம் அவர் சொந்த ஊர்ப் பக்கத்து கேட்டலோனியக் கடற்கரையில் உள்ளவை. உருகும் கடிகாரம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் தெரிகிற செங்குத்துப் பாறை அவர் ஊர்ப் பாறை. அவருக்கு ஒரு பசுமலை இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நம் பரணில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கெடுத்துப் பார்த்தேன். மலைத்துப் போய்விட்டேன்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரண்மனை வாசலுக்கு வரும் நேரத்தில் பாண்டிமாதேவி தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறாள். செங்கோலும் வெண்கொற்றக்குடையும் சாய்கின்றன. வாசல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டுத் திசையும் அதிர்கின்றன. சூரியனை இருட்டு விழுங்குகிறது. ராத்திரியில் வானவில் தெரிகிறது, பகலில் நட்சத்திரம் எரிந்து விழுகிறது. ராத்திரி வானவில்! இதை இன்றைக்கு ஒரு டிஜிட்டல் ஓவியர் வரைந்து போட்டால் உலகமே வாய் பிளக்கும். மதுரை அரண்மனையில் ஒரு பெண் கண்ட கனவாக ஒரு தமிழ்க் கவி அதை எப்போதோ வரைந்து வைத்துவிட்டார், வார்த்தையால்.

அப்புறம் யாளி. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்திலும் புதுமண்டபத்திலும் வரிசையாக நிற்கிறது. சிங்க முகம், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். சின்ன வயசில் அதன் வாய்க்குள் கைவிட்டு விளையாட ஆசைப்படாத மதுரைப் பிள்ளை உண்டா? சமணர் மலை செட்டிப்புடவுக் குகைக்குள் ஒரு சிற்பம் இருக்கிறது. சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை வளைக்கிற ஒரு இயக்கி, எதிரே யானை மேல் ஒரு வீரன். கம்ப்யூட்டர் விளையாட்டின் அட்டைப்படம் மாதிரியே இருக்கும். மலையடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி. அங்கே மண்ணில் பொம்மை செய்கிறார்கள். கொலுவுக்கு வாங்க நவராத்திரி சமயத்தில் கூட்டம் அள்ளும். வண்ணம் பூசாத பொம்மைகள் வரிசையாகக் காய்கிறபோது, கண் இன்னும் திறக்காத தெய்வங்களின் வகுப்பறை மாதிரி இருக்கும். நான் நிழல் போடக் கற்றதில் பாதி அந்தப் பொம்மைகளைப் பார்த்துத்தான்.

போன தலைமுறைக்கு அம்புலிமாமா இருந்தது. 1947-ல் ஆரம்பித்த பத்திரிகை. இப்போது வருவதில்லை. அதில் தோளில் வேதாளத்தைச் சுமந்து, வாளை உருவிக்கொண்டு சுடுகாட்டில் நடக்கிற விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன். 2020-ல் தன் தொண்ணூறுகளில் காலமானார். கம்ப்யூட்டர் இல்லை, டேப்லெட் இல்லை. ஒரு பேனாவும் மசியும் வைத்துக்கொண்டு இந்தியக் குழந்தைகளின் பயத்துக்கே ஒரு முகம் கொடுத்த மனிதர். 1951-ல் 'பாதாள பைரவி', 1957-ல் 'மாயா பஜார்' என்று கேமராவுக்குள்ளேயே மாயம் செய்தார் மார்க்கஸ் பார்ட்லே. ஒரே பிலிமில் ஒரு காட்சியின் மேல் இன்னொரு காட்சியை ஏற்றுவது அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகளில் ஒன்று. இன்றைக்கு நாங்கள் லேயர் என்று ஒரு பட்டனைத் தட்டிச் செய்வதும் அதேதான்.

லேயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் அதற்குப் படலம் என்று சொல்லலாம். திருவிளையாடலிலும் ஒவ்வொரு கதைக்கும் பெயர் படலம். மாயப்பசுவை வதைத்த படலம்! என் மலைமாடு படத்தில் மொத்தம் 23 படலம். மலையின் வெளிக்கோடு ஒன்று, பாறை இன்னொன்று, மரங்கள், விடிகாலைப் புழுதி, டீக்கடை, கண். மாட்டின் முதுகில் தெரிகிற பாறை வெடிப்புகளை நிஜமாகவே மலைமேல் ஏறிப் பார்த்து வரைந்துகொண்டு வந்தேன். தூரத்தில் பாதி மறைந்து யானைமலையை ஒரு படலத்தில் வைத்தேன், அது தூங்கிக்கொண்டிருக்கிறது. பொய்யான ஒன்றை நம்ப வைக்க, சுற்றி இருப்பது எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். மாடு பொய், அதனால் டீ டம்ளர் உண்மையாக இருந்தே தீர வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். "23 படலமா? ஏஐ-யிடம் சொன்னால் பத்து வினாடியில் போட்டுத் தருமே!"

நியாயமான கேள்விதான். ராத்திரி தூக்கம் வராமல் நானும் கேட்டுக்கொள்கிற கேள்வி. 2022-ல் இந்தப் படம் போடும் ஏஐ மென்பொருள்கள் எல்லார் கைக்கும் வந்தபோது முதலில் அடி வாங்கியவர்களே மாய உலகம் வரைகிற டிஜிட்டல் ஓவியர்கள்தான். போலந்தில் கிரெக் ருட்கோவ்ஸ்கி என்று ஒருவர். டிராகன், போர்க்களம், மந்திரவாதி என்று பிரமாதமாக வரைவார். 'இவர் பாணியில் போடு' என்று பல்லாயிரம் முறை ஜனங்கள் அந்த மென்பொருள்களுக்குக் கட்டளை கொடுத்தார்கள். அவர் பெயரை இணையத்தில் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நிற்கிற நிலைமை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் தங்கள் படங்களை அனுமதி கேட்காமல் எடுத்துப் பயிற்சி கொடுத்ததாக வழக்கே போட்டார்கள். கனவை விற்றுப் பிழைக்கிறவனின் கனவையே எடுத்துக்கொண்டால் அவன் எங்கே போவான்?

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015-ல் கூகுள் ஆட்கள் 'டீப் ட்ரீம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். பேரே ஆழ்ந்த கனவு! படங்களை அடையாளம் காணப் பழக்கிய ஒரு வலையமைப்பைத் திருப்பி விட்டு, 'உனக்கு என்ன தெரிகிறதோ அதைப் பெரிதாக்கிக் காட்டு' என்றார்கள். மேகத்தில், மரத்தில், மனிதர் முகத்தில், எங்கே பார்த்தாலும் நாய்! நாய் மூக்கு, நாய்க் கண். காரணம் எளிது. அது பார்த்துப் படித்த 1000 வகைப் படங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாய் இனங்கள். பரணில் நாய் இருந்தால் கனவிலும் நாய்தான். மனிதனுக்கும் மிஷினுக்கும் இந்த விதி ஒன்றேதான் போலிருக்கிறது.

நானும் ஒரு படம் போடும் ஏஐ-யிடம் (பெயர் வேண்டாம்) யாளி கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை இறக்கை வைத்த சிங்கம் வந்தது. 'மதுரைக் கோயில் யாளி' என்றேன். சீன டிராகனுக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தது. துதிக்கை, பிதுங்கிய கண் என்று விளக்கமாகச் சொன்ன பிறகு கிட்டத்தட்ட வந்தது. ஆனால் புதுமண்டபத்துத் தூணில் எண்ணெயும் கைபட்ட பளபளப்புமாக ஒரு வழுவழுப்பு இருக்குமே, அது இல்லை. நாளைக்கு அதுவும் வந்துவிடலாம். இந்த மென்பொருள்கள் மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டு வருகின்றன. அதனால் 'மிஷினால் இது முடியவே முடியாது' என்று நான் மார்தட்ட மாட்டேன்.

நான் சொல்வது வேறு. அதற்கு யாளி தெரியாமல் போனதற்குக் காரணம் உலகத்தில் டிராகன் படம் கோடிக்கணக்கில் இருக்கிறது, யாளி படம் கொஞ்சம்தான் இருக்கிறது. யார் அதிகமாக வரைந்து வைக்கிறார்களோ அவர்கள் கனவுதான் உலகத்தின் கனவாகிறது. என் தம்பி ஆறாவது படிக்கிறான். பேய் வரைடா என்றால் வெள்ளைத் துணி போர்த்திய பேய் வரைகிறான். மோகினியும் முனியும் அவன் பரணில் ஏறவே இல்லை. மிஷின் பத்து வினாடியில் போடட்டும். ஆனால் அப்பத்தா 'அது பாவம்டா' என்று சொன்னதை அதற்கு யார் சொல்வது? அந்தக் களைத்த கண்ணை யாராவது ஒருவர் முதலில் போட்டாக வேண்டும். அது பசுமலைக்காரனாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி.

கடைசியாகச் சோத்துப் பிரச்சினை. அப்பா கண்டக்டர். அவருக்கு நான் வரைவதில் வருத்தம் எதுவும் இல்லை. பஸ்ஸில் தெரிந்தவர்களிடம் போனில் என் படத்தைக் காட்டுவதாகக் கேள்வி. ஆனால் இந்த வருடத்தோடு படிப்பு முடிகிறது. வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். "கனவு சோறு போடுமாடா?" என்று கேட்டார், கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

நான் அவருக்கு மருதுவைச் சொன்னேன். கல்லூரி முடித்ததும் அவர் நேராகக் கனவுலகத்துக்குப் போய்விடவில்லை. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் பல வருடம் வேலை பார்த்தார். கைத்தறிக்குப் புது வடிவங்கள் போட்டுத் தருகிற இடம் அது. காந்தியைக் கருப்பு வெள்ளைக் கோட்டில் வரைந்து பேர் வாங்கிய ஆதிமூலமும் அதே மையத்தில் வேலை பார்த்தவர்தான். சேலைக் கரைக்கு டிசைன் போட்ட கைகள்தான் மன்னர்களையும் மகாத்மாவையும் வரைந்தன. கனவு சோறு போடுமா என்பதற்கு அவர்கள் வாழ்க்கை சொல்கிற பதில், 'உடனே போடாது. ஆனால் சோற்றுக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டே கனவையும் கெட்டுப் போகாமல் வைத்திருக்கலாம்' என்பது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கவர்மென்ட் வேலைதான்" என்றார். சரியான பாயிண்டைப் பிடித்துவிட்டார் மனுஷன்!

அதனால் எங்களுக்குள் ஒப்பந்தம். ஒரு வருடம் வங்கித் தேர்வுக்கும் படிப்பேன், தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் வரையவும் செய்வேன். அந்த வருடத்துக்குள் மூன்று மிருகங்களையும் முடித்துவிட வேண்டும். பசு முடிந்தது. நாகமலை அடுத்தது. அது படம் முழுக்க நீளுகிற மலை, ஒரு திரைக்குள் அடக்குவது எப்படி என்று தெரியவில்லை. யானைமலை கடைசி. அதன் பிறகு சென்னையிலோ கும்பகோணத்திலோ ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதா, வேலைக்குப் போவதா என்று உட்கார்ந்து பேசுவோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எது நடக்கும் என்று எனக்கு இப்போது தெரியாது. ஆனால் மாட்டின் கண் சரியாக வந்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு மலையோ குளமோ பனைமரமோ இருக்கும், அதற்கு ஒரு கதை இருக்கும், வீட்டில் யாராவது ஒரு பெரியவருக்கு மட்டும் அது முழுசாகத் தெரிந்திருக்கும். இந்த லீவுக்குப் போகும்போது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நாகமலைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள். அந்தப் பாம்புக்குக் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று உங்கள் அப்பத்தாவிடம் கேட்க வேண்டும்.